உஷார்! சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்

காருக்கு அடியில் பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்து கிடக்கிறதா? பானெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ‘எவ்வளவு குறைந்திருக்கிறது, பார்ப்போம்’ என்றுதான் முதலில் கை பரபரக்கும். நிறுத்துங்கள்! ஓடி நின்ற வண்டியில் அந்த மூடியைத் தொடவே கூடாது.

பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட், வெளியே திறந்து வைத்தால் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அந்த மூடி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பதால்தான் 120 டிகிரியைத் தாண்டினாலும் அது கொதிக்காமல் இருக்கிறது. ஓவர்ஹீட் ஆன வண்டியில் மூடியைத் திருகினால் அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். உள்ளே இருப்பது அப்படியே கொதித்து, ஆவியோடு பீறிட்டு முகத்தில் அடிக்கும். மூடியில் துணியைச் சுற்றிக்கொண்டு திறக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. துணி கையைக் காப்பாற்றும், சரி, கண்ணை?

பல புதிய கார்களில் ரேடியேட்டருக்கு மூடியே கிடையாது. பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்கின் மூடிதான் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. “இது வெறும் டேங்க்தானே சார்” என்று அதைத் திறந்து வெந்துபோனால், தப்பு டேங்குடையது அல்ல. இன்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரமாவது விடுங்கள். கத்திரி வெயிலில் அதற்கு மேலும் விடலாம். பிறகு மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். ஃபேன் பக்கம் விரலை நீட்டாதீர்கள். பல வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும்.

அதற்கு முன், சொட்டுவது கூலன்ட்தானா என்று பாருங்கள். ஏசி போட்டு ஓட்டிய வண்டியில் முன்சீட்டுக்குக் கீழே நிறமில்லாமல் சொட்டினால் அது பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான். கூலன்ட் நிறமாக இருக்கும், விரலில் பிசுபிசுக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கிற மேதாவித்தனம் மட்டும் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

அடுத்த ஆபத்து நம் அஞ்சறைப் பெட்டியிலிருந்தே வருகிறது. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள் தூளைப் போடு என்பது பழைய டிரைவர்கள் வைத்தியம். நடுரோட்டில் நின்ற பழைய வண்டிகளை அது ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தும் இருக்கலாம். ஆனால் இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் குழாய்கள் தட்டையானவை, மிகக் குறுகலானவை. மஞ்சளுக்கு ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்கத் தெரியாது. போகிற வழியில் எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கெல்லாம் படியும். ஒழுகல் நின்றுவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகக் கொல்லிமலை ஏறுவீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டாமல் வண்டி கொதிக்கும். கடையில் விற்கும் லீக் அடைப்பான் பாட்டில்களிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. விரிசல் விட்ட பிளாஸ்டிக் டேங்கில் எம்சீல் அப்புவதும் இதே ரகம்தான். சூட்டில் விரிந்து, ஆறியதும் சுருங்குகிற பிளாஸ்டிக்கில் அது நிலைத்து நிற்காது.

நீங்களே துணிந்து செய்யக்கூடியது ஒன்றுதான்: ஹோஸ் கிளிப். ஹோஸ் மாட்டியிருக்கும் முனையில் காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் கசிவு அங்கேதான். வண்டி முழுக்க ஆறியதும் ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை இறுக்குங்கள். பலத்தையெல்லாம் காட்ட வேண்டாம். பிளாஸ்டிக் கழுத்து முறிந்தால் ரேடியேட்டரே போச்சு. ஹோஸ் வெடித்திருந்தாலோ ஊதியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். குறைந்ததை நிரப்ப, வண்டியின் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டையே வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் சரக்கும் ஒன்று என்று ஆகாது. போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டே விரிசல் விடலாம்.

இறுக்கிய பிறகும் அளவு குறைந்துகொண்டே போனால் மெக்கானிக்கிடம் போய் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதுவரை ‘டெம்பரேச்சர் முள் ஏறவில்லையே’ என்று ஓட்டாதீர்கள். கூலன்ட் சுத்தமாக இறங்கிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாதுவாகக் கீழே கிடக்கலாம். ஆயில் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் காப்பி மாதிரி வருகிறதா? ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்புண்டு. அந்த வண்டியை இன்னொரு முறை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள், டோ பண்ணுங்கள்.

நாக்கில் வைக்காதீர்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், ஆனால் விஷம். வடித்த கூலன்ட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்குக் கீழே வைப்பது நம் வீடுகளில் சகஜம். குழந்தைக்கு அது ஜூஸ். கிண்ணத்தில் விட்டால் நாயும் பூனையும் நக்கும். தரையில் சிந்தியதன் மேல் மண் போட்டு ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால், முதல் சில மணி நேரம் போதை ஏறியது போலத் தள்ளாடுவார்கள். அதற்குப் பிறகுதான் சிறுநீரகம் அடிபடும். மாற்று மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் ஏற்ற வேண்டும். தள்ளாட்டம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு, கூலன்ட் கேனையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.