பெட் ஸ்கேன்: நேரம் குறைந்தால் தரமும் குறையுமா?

அல்லிநகரத்திலிருந்தும் போடி, கம்பம் பகுதிகளிலிருந்தும் பெட் ஸ்கேனுக்காக மதுரைக்குச் சென்று திரும்புவோர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. "சென்ற முறை வேறோர் இடத்தில் இருபத்தைந்து நிமிடம் படுத்திருந்தேன். இம்முறை பத்தே நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள். சரியாகத்தான் எடுத்தார்களா?" சிகிச்சையைத் தொடர்வதா மாற்றுவதா என்பதைப் பல வேளைகளில் இந்தப் படமே முடிவு செய்வதால், கேள்வி நியாயமானதே.

ஸ்கேனுக்கு முன் ஊசி வழியே செலுத்தப்படும் எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்கம் ஏற்றப்பட்ட ஒருவகைச் சர்க்கரை. புற்றுச் செல்கள் பெரும்பாலும் இதனை மிகுதியாக உட்கொள்ளும். அங்கிருந்து வெளிப்படும் பாசிட்ரான் துகள், அருகிலுள்ள எலக்ட்ரானுடன் சேர்ந்து அழியும்போது, இரண்டு காமாக் கதிர்கள் ஏறக்குறைய நேரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. உடலைச் சுற்றி வளையமாக அமைந்துள்ள உணர்விகள் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அது ஓர் எண்ணிக்கை. இத்தகைய பல இலட்சம் எண்ணிக்கைகளைக் கொண்டே படம் உருவாகிறது.

முற்றத்தில் சாரல் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மட்டும் கூரையின் ஒழுகலும் சேர்ந்து துளிகள் சற்று அதிகம். முதற் பத்துத் துளிகளைக் கொண்டு அந்த இடத்தைச் சொல்ல இயலாது. சில நூறு துளிகள் விழுந்தபின் ஐயமின்றித் தெரியும். பெட் ஸ்கேனும் அவ்வாறே. படத்தில் தோன்றும் புள்ளிச் சிதறலைப் பாதியாக்க வேண்டுமெனில் எண்ணிக்கை நான்கு மடங்காக வேண்டும். ஆகவே எத்தனை நிமிடம் என்பதைவிட, எத்தனை எண்ணிக்கை திரட்டப்பட்டது என்பதே முதன்மையானது.

அவ்வெண்ணிக்கையை விரைவாகத் திரட்டும் திறன் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். இதனை அளக்க நெமா என்னும் பன்னாட்டு அளவுமுறை உண்டு. மனித உடலின் நடுப்பகுதியை ஒத்த ஒரு கலத்தில் நீர் நிரப்பி, அதனுள் 10 முதல் 37 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள ஆறு சிறு கோளங்களை வைத்துப் படம் எடுப்பார்கள். பெரிய கோளங்களை எந்த இயந்திரமும் காட்டிவிடும். பத்து மில்லிமீட்டர்க் கோளம் தெளிவாகத் தெரிகிறதா என்பதே உண்மையான சோதனை. ஸ்கேன் நேரத்தைக் குறைக்க முனைவோர் முதலில் கவனிக்க வேண்டியதும் அதுதான். கணினியின் செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தை மெருகேற்றும் முறைகள் இப்போது வந்துள்ளன. அவை பயனுள்ளவையே, எனினும் புள்ளிகளைத் துடைக்கும்போது சிறு கட்டியையும் சேர்த்துத் துடைத்துவிடக் கூடாது. படம் அழகாக இருப்பது மட்டும் எனக்குப் போதுமானதன்று.

இந்தியாவில் முதல் பெட் ஸ்கேனர் 2002-இல் மும்பையில் செயற்படத் தொடங்கியது. பழைய இயந்திரங்களில் உடல் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்பதை அறியத் தனியே ஒரு கதிரியக்கக் கோலைச் சுழற்றிப் பல நிமிடங்கள் அளக்க வேண்டியிருந்தது. சி.டி. இணைந்தபின் அவ்வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. அடுத்து, இரு கதிர்களும் வந்துசேரும் நேர வேறுபாட்டையே அளக்கும் உணர்விகள் வந்தன. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் செல்லும். அதில் ஐந்திலொரு பங்கு நேரத்தைப் பிரித்தறிய முடிந்தால், கதிர் புறப்பட்ட இடத்தைச் சுமார் 3 சென்டிமீட்டருக்குள் குறுக்கிவிடலாம். வழக்கமான இயந்திரத்தின் வளையம் 15 முதல் 30 சென்டிமீட்டர் அகலமே. உடலைப் பகுதி பகுதியாக நகர்த்தி எடுப்பது அதனால்தான். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கிய 194 சென்டிமீட்டர் நீள இயந்திரம் முழு உடலையும் ஒரே வேளையில் காண்கிறது. அதில் ஒரே நிமிடத்தில் எடுத்த படங்களும் வெளியாகியுள்ளன. அதன் விலையை நோக்கின், நம் பகுதிக்கு அது விரைவில் வருமென நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் எந்த இயந்திரமும் குறைக்க இயலாதது, ஊசிக்குப் பின் அமைதியாக இருக்க வேண்டிய ஏறக்குறைய ஒரு மணி நேரம். அம்மருந்து கட்டியில் சேர்வதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. மேலும், மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். ஒரு மணி நேரத் தாமதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீணாகும். பேருந்து தாமதமாகும் எனத் தெரிந்தால் உடனே மையத்துக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

உடல் பருமன் மிகுந்தோருக்குக் கதிர்கள் உடலிலேயே அதிகம் தடுக்கப்படுவதால் நேரம் கூடும். அதனைக் குறைக்குமாறு வற்புறுத்த வேண்டா. முதுகுவலியாலோ மூச்சுத்திணறலாலோ நெடுநேரம் மல்லாந்து படுக்க இயலாதவர்களுக்கு நிலைமை நேர்மாறு. இருபது நிமிடம் அசைந்து அசைந்து எடுத்த படத்தைவிட, பத்து நிமிடம் அசையாமல் எடுத்த படமே மேலானது. அவர்கள் அதனை ஊசி போடுவதற்கு முன்பே கூறிவிட வேண்டும்.

சிகிச்சையின் பலனை ஒப்பிடுவதற்கான மறு ஸ்கேனை இயன்றவரை அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுங்கள். இயந்திரம் மாறினால், நோய் மாறாமலேயே அறிக்கையின் அளவுகள் மாறக்கூடும். வேறிடத்தில் எடுக்க நேர்ந்தால், பழைய அறிக்கைத் தாளோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கொண்டுசெல்லுங்கள்.