கொற்கையைக் கடல் கொள்ளவில்லை

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்கு அருகே, வாழைத்தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே அடங்கிக் கிடக்கிறது கொற்கை. ஒரு குளம், அதனுள்ளே வெற்றிவேல் அம்மன் கோயில், முதிர்ந்த வன்னி மரம், சில தெருக்கள், ஊர் அவ்வளவுதான். கடலுக்குப் போக வேண்டுமென்றால் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். பாண்டியரின் முத்துத்துறை என்று கிரேக்க மாலுமிகள் வரை அறிந்திருந்த ஊர் இது. 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 அளவில் கணிக்கப்பட்டது. அப்படிப்பட்ட துறைமுகம் எங்கே போனது என்று கேட்டால், கடல் கொண்டுவிட்டது என்பதே பலருடைய பதில். நடந்தது அதற்கு நேர்மாறானது என்றே மண் சொல்கிறது.

1870-களில் மொழியறிஞர் கால்டுவெல் இங்கே தோண்டியபோது, வண்டலுக்குக் கீழே சில அடி ஆழத்தில் சிப்பிகள் கலந்த பழைய கடற்கரைப் படிவு தென்பட்டது. மீன்வளத்துறை அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல், வளையல் செய்வதற்காக வாளால் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளை இங்கே கண்டு, 1914-இல் எழுதிய நூலில் பதிவு செய்தார். முழுகிப்போன ஊரின் தடயங்கள் அல்ல இவை. தொழில் நடந்த கரை இன்றும் தரையிலேதான் இருக்கிறது. தாமிரபரணி ஆண்டுதோறும் இறக்கிய வண்டல் கழிமுகத்தைத் தூர்த்து, நிலத்தைக் கிழக்கே நீட்டிக்கொண்டே போயிருக்கிறது. துறையும் பின்னாலேயே நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தபோது, அரேபியக் குதிரைகள் இறங்கியது கொற்கையில் அல்ல, காயலில். இன்றைய பழையகாயல் அது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் தங்கியதோ அதற்கும் கிழக்கே, ஆற்று வாயிலில் உள்ள புன்னைக்காயலில்.

துறைமுகங்களை இடம் மாற்றுவது அரசியல்தானே, ஆறா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாண்டியர், அரேபிய வணிகர், போர்ச்சுக்கீசியர் என்று ஆதிக்கம் கைமாறியது உண்மை. புன்னைக்காயலுக்குப் பிறகு தூத்துக்குடி தலையெடுத்ததில் அவர்களுடைய கணக்குகளும் உண்டு. ஆனால் வெவ்வேறு காலத்து ஆட்சிகள் தேர்ந்த மூன்று துறைகளும் ஒரே ஆற்றின் போக்கில், ஒன்றுக்குக் கிழக்கே ஒன்றாக அமைந்ததை அரசியலால் மட்டும் விளக்கிவிட முடியாது. தூத்துக்குடியோ ஆற்று வாயிலிலிருந்து வடக்கே விலகி, தீவுகளின் மறைவில் இருக்கிறது. அங்கும் ஆழம் போதவில்லை. நெடுங்காலம் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. கடலுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளும் அலைதாங்கிச் சுவர்கள் எழும்பி, 1974-இல் பெருந்துறைமுகமான பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

2021-இல் தமிழ்நாடு அரசு இந்தக் கரையோரத்தில் கடலடி ஆய்வை அறிவித்தது. மூழ்கிய கலங்களைத் தேட அது தேவைதான். ஆனால் கொற்கையின் கலங்கள் அணைந்து நின்ற கரையைத் தேடுபவர்கள், ஊருக்கும் பழையகாயலுக்கும் இடையிலுள்ள வயல்களில் துளையிட்டு மண்ணடுக்குகளைப் படிக்க வேண்டும். துறையைத் தூர்த்த அதே வண்டலில்தான் இன்று அங்கே நெல்லும் வாழையும் விளைகின்றன.