ரத்த குரூப் சேர்ந்தால் போதுமா? குழந்தையின் ஸ்டெம் செல் சிகிச்சையில் கொடையாளரின் மரபணு செய்யும் வேலை

‘‘நானும் ஓ பாசிட்டிவ், குழந்தையும் ஓ பாசிட்டிவ். என் எலும்பு மஜ்ஜையையே எடுத்துக்கோங்க டாக்டர்!’’

தலசீமியா உள்ள குழந்தையின் பெற்றோர் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். பெற்ற மனசு அப்படி. ஆனால், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் ரத்த குரூப் இரண்டாம்பட்சம்தான். ஏ குரூப் குழந்தைக்கு பி குரூப் அண்ணன் கொடுக்கலாம். சில மாதங்களில் குழந்தையின் குரூப்பே பி ஆகிவிடும். பள்ளி அடையாள அட்டையில் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்!

டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது ஹெச்.எல்.ஏ. எனும் மரபணுத் தொகுப்பை. நம் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் ஐ.டி. கார்டு மாட்டிவிடுவது இதுதான். ஓசூர் சிப்காட் கம்பெனி வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லாதவரை செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். ஸ்டெம் செல் சிகிச்சையில் அந்த செக்யூரிட்டியையே மாற்றுகிறோம். கொடையாளரிடமிருந்து வரும் புது செக்யூரிட்டிக்கு குழந்தையின் கார்டு அடையாளம் தெரியாவிட்டால், உள்ளே வேலை பார்க்கிறவர்களையே திருடர்கள் என்று அடிக்க ஆரம்பித்துவிடுவார். தோல், குடல், கல்லீரல் மூன்றும்தான் அதிகம் அடிபடும். இந்தச் சிகிச்சையில் டாக்டர்கள் பெரிதும் பயப்படும் சிக்கல்களில் இதுவும் ஒன்று.

இந்தத் தொகுப்பில் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. அதனால் பெற்றோர் பொதுவாகப் பாதிப் பொருத்தம்தான். முழுப் பொருத்தத்துக்கு உடன்பிறப்பு வேண்டும். அதுவும் நான்கில் ஒரு வாய்ப்புதான். தலசீமியாவுக்குக் காரணமான மரபணுவோ பதினொன்றாவது குரோமோசோமில், தனியாக இருக்கிறது. நோயும் இல்லாமல், முழுப் பொருத்தமும் உள்ள தம்பியோ தங்கையோ அமையும் வாய்ப்பு 16-ல் 3தான். ஓர் ஆறுதல், நோய் வராமல் மரபணுவை மட்டும் சுமப்பவரும் தாராளமாகக் கொடுக்கலாம்.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கே வருகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 28 சதவிகிதம், கர்நாடகத்தில் 27 சதவிகிதம். நாட்டிலேயே முதல் இரண்டு இடங்கள். அந்த இரண்டு மாநிலங்களும் தொட்டுக்கொள்ளும் எல்லையில்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருக்கின்றன. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது, இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கும் ஆபத்து கூடுகிறது. அதே காரணத்தால், நோய் வந்த பிறகு மாமா, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் வரைக்கும் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது! வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், சொந்தத்தில் கட்டிய குடும்பம் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடன்பிறப்போடு தேடலை நிறுத்த வேண்டியிருக்காது.

நல்ல உடல்நிலையில் உள்ள சிறு குழந்தைக்கு, முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு கொடுத்தால், பத்தில் எட்டு ஒன்பது பேர் ரத்தம் ஏற்றும் தொல்லையிலிருந்து மீள்கிறார்கள். முழுப் பொருத்தம் இல்லையா? அப்பா அல்லது அம்மாவின் பாதிப் பொருத்தத்தை வைத்தே இன்று செய்கிறார்கள். மருந்தும் கண்காணிப்பும் அதிகம், ஆபத்தும் சற்று அதிகம்.

ரத்தப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே கொடையாளரின் செல்கள் கொஞ்சம் ‘அந்நியமாக’ இருப்பது நல்லது. மிச்சமிருக்கும் புற்றுசெல்களை அவை தேடிக் கொல்லும். அச்சு அசலான இரட்டையர் கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவது இதனால்தான். தலசீமியாவில் கொல்ல வேண்டிய எதிரி இல்லை என்பதால், அந்நியத்தன்மையால் நஷ்டம் மட்டுமே.

குடும்பத்தில் யாரும் பொருந்தாவிட்டால் பதிவேடுதான் வழி. உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஆனால், ஹெச்.எல்.ஏ. வம்சாவளியோடு போகிற விஷயம். ஜெர்மனிக்காரரைவிட தர்மபுரிக்காரர் நம் குழந்தைக்குப் பொருந்தும் வாய்ப்பு அதிகம். இந்தியர்களோ பதிவேட்டில் குறைவு. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி, பெங்களூரின் டி.கே.எம்.எஸ். அமைப்பு இரண்டும் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்துப் பதிவு செய்கின்றன. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோரும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் ஓசூர் ஆலைகளில் ஒரு முகாம் நடத்தினால் எத்தனை வகை மரபணுக்கள் பதிவேட்டில் சேரும்! இளம் கொடையாளர் என்றால் பலனும் மேல்.

சிகிச்சைக்கு எங்கே போவது? அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி.; அங்கே 1986-லிருந்தே செய்கிறார்கள். செலவு பல லட்சம். முதல்வரின் காப்பீட்டுத் திட்டம், ‘கோல் இந்தியா’ நிறுவனம் 10 லட்சம் ரூபாய் வரை உதவும் தலசீமியா பால சேவா திட்டம் இரண்டையும் மருத்துவமனையில் முதலிலேயே விசாரியுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குழந்தைக்கு ரத்தம் ஏற்றும்போது அப்பா, அம்மா, மாமா ரத்தத்தைக் கொடுக்காதீர்கள். அவர்களின் செல்களுக்கு எதிராகக் குழந்தையின் உடல் பழகிவிட்டால், நாளை அவர்களே தரும் ஸ்டெம் செல்லை அது தள்ளிவிடக்கூடும். ரத்த வங்கி ரத்தமே போதும்.