களிம்பும் கரிசனையும்

சில மாதங்களுக்கு முன் கைத்தறி நெசவாளர் ஒருவர் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வந்தார். சொரியாசிஸ் என்னும் காளாஞ்சகப் படைக்காக 30 கிராம் களிம்பு டியூப் ஒன்றைக் கொடுத்து, நான்கு வாரத்தில் வரச் சொல்லியிருந்தோம். அவரோ மூன்று மாதம் கழித்து வந்து டியூபை மேசைமேல் வைத்தார். பாதிக்கு மேல் களிம்பு மீதி இருந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் படை குறையவில்லை. "மருந்து கேக்கலை சிஸ்டர், வேற மாத்திக் குடுங்க" என்றார்.

செவிலியர் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, வாரத்துல எத்தனை நாள் போட முடியாமப் போவுது?" என்று மட்டும் கேட்டார். சற்று மௌனமாயிருந்துவிட்டு அவர் மனம் திறந்தார். காலையில் போட்டால் பிசுபிசுப்பு நூலில் ஒட்டுகிறது. இரவில் போட்டால் பாயெல்லாம் கறை என்று வீட்டில் சத்தம். விலையுயர்ந்த மருந்தாயிற்றே என்று மெல்லியதாகத் தடவி மிச்சமும் பிடித்திருக்கிறார். "போட்டீர்களா, இல்லையா?" என்று அதட்டியிருந்தால், "போட்டேன்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்திருக்கும்.

இந்நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, தோல் மிக வேகமாக வளர்கிறது. ஏறத்தாழ நான்கு வாரத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல் சில நாட்களிலேயே மேலே வந்து, வெள்ளைச் செதிலாகக் குவிகிறது. இதை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. கட்டுப்படுத்த மருந்து உண்டு. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். இதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், பத்தாம் நாளில் நோயாளி சோர்ந்துபோக மாட்டார்.

அடுத்தது அளவு. "கொஞ்சம் தடவுங்கள்" என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு. ஆகவே 1991-இல் பிரிட்டனில் வகுக்கப்பட்ட விரல்நுனி அளவை எங்கள் செவிலியர்கள் செய்து காட்டுகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்து வைத்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். நெசவாளரின் படை நான்கு உள்ளங்கை அகலம். நாளொன்றுக்கு ஒரு கிராம். நான்கு வாரத்தில் டியூப் தீர்ந்திருக்க வேண்டும். தீராத டியூபே உண்மையைச் சொல்லிவிட்டது.

பின்னர் அவருடைய அன்றாட வாழ்வுக்கேற்ப நேரம் குறித்தார்கள். தினம் ஒரு வேளை போடும் மருந்தாதலால் காலையில் வேண்டாம். இரவு உணவுக்குப் பின் போட்டு, கை கழுவி, பழைய பருத்தித் துணி உடுத்திப் படுத்தால் போதும். குளித்தபின் தோலைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். எண்ணெய்ப் பசை ஊறிய துணியோடு அடுப்பருகில் போகலாகாது, எளிதில் தீப்பிடிக்கும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பில் இரு பக்கமும் எச்சரிக்கை தேவை. டாக்டரைக் கேளாமல் திடீரென நிறுத்தினால் படை மீண்டும் சீறி எழலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போட்டாலோ தோல் மெலிந்துவிடும். முகத்திலும் தொடை இடுக்கிலும் டாக்டர் சொன்னாலன்றிப் போடக்கூடாது.

இத்தனைக்கும் மேலான தடை ஒன்று உண்டு. முற்காலத்தில் இந்நோயைக் குஷ்டத்தோடு சேர்த்தே எண்ணினார்கள். இரண்டும் வெவ்வேறு என்று வியன்னா மருத்துவர் ஹெப்ரா 1841-இல் தெளிவாக்கினார். இது தொற்றாத நோய் என்பதை 2014-இல் உலக சுகாதார மன்றமும் தன் தீர்மானத்தில் எடுத்துரைத்தது. ஆயினும் பல வீடுகளில் தனித் தட்டும் தனிப் பாயும் இன்னும் இருக்கின்றன. ஒதுக்கப்பட்டவர் தம் உடம்பையே பார்க்க விரும்பாதபோது களிம்பு எப்படிப் போடுவார்? எனவே செவிலியர் அவர் மனைவியையும் உள்ளே அழைத்து, அவர் கண்முன்னே படையின்மேல் வெறுங்கையை வைத்து, "இது ஒட்டாதும்மா" என்றார். ஆண்டவர் கைநீட்டித் தொட்டதை நாங்கள் பிரசங்கிக்கிறோம். அன்று செவிலியரின் கை அதைச் செய்துகாட்டியது.

நான்கு வாரத்தில் தம்பதியர் இருவருமாக வந்தார்கள். டியூப் காலி. முழங்கைகளில் செதில் உதிர்ந்திருந்தது. முழங்கால்களில் இன்னும் கொஞ்சம் மீதி. கைக்கு எட்டாத இடங்களில் தானே எண்ணெய் தடவிவிடுவதாக அந்த அம்மாள் சொன்னார்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை டியூபை வாங்கித் தருகிறது. அது மேசையிலிருந்து தோலுக்குப் போய்ச் சேர, ஒரு செவிலியர் பதினைந்து நிமிடம் அருகில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த நிமிடங்களையும் தாங்குகிறவர்கள் நீங்களே.