சும்மா இருந்த அடுப்புக் கண்ணாடி வெடிப்பது ஏன்? உள்ளே ஒளிந்திருக்கும் குட்டிப் படிகம்!

ராத்திரி சமையல் முடிந்து, அடுப்பை அணைத்துத் துடைத்துவிட்டு எல்லோரும் டி.வி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். திடீரென சமையலறையில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கேஸ் அடுப்பின் மேல் கண்ணாடி பொடிப்பொடியாகக் கிடக்கும். சிலிண்டர் பத்திரமாக இருக்கிறது; யாரும் எதையும் போடவில்லை. 'கண் திருஷ்டி' என்று பூசணிக்காய் உடைப்பவர்களும் உண்டு. ஆனால், விஷயம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கல் உப்பில் ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். தட்டையான முகங்கள், சதுர மூலைகள் தெரியும். தட்டினால் பெரும்பாலும் அதே மாதிரி நேர்கோட்டில்தான் பிளக்கும். உள்ளே சோடியமும் குளோரினும் பள்ளிக்கூட பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசை தப்பாமல் நிற்பதே காரணம். இதுதான் படிகம்.

கண்ணாடியிலும் அணுக்கள் இறுக்கமாகத்தான் பிணைந்திருக்கின்றன. ஆனால், அந்த ஒழுங்கு கிடையாது. உருகிய குழம்பு ஆறும்போது வரிசையில் நிற்க நேரம் கிடைக்காமல், நின்ற இடத்திலேயே உறைந்துவிட்ட கூட்டம் அது. 12-ம் வகுப்பு வேதியியலில் 'படிக வடிவமற்ற திடப்பொருள்' என்று படித்திருப்பீர்களே, அதேதான். பிளப்பதற்கென்று ஒரு தளம் இல்லாததால், விரிசல் இஷ்டத்துக்கு வளைந்து ஓடும். உடைந்த பாட்டிலின் விளிம்பு சிப்பி மாதிரி வளைந்திருப்பது அதனால்தான். (பழைய ஜன்னல் கண்ணாடி காலப்போக்கில் கீழ்நோக்கி வழிகிறது என்ற கதையை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் கண்ணாடியைச் சீரான தடிமனில் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.)

சூட்டிலும் இந்த வித்தியாசம் தெரியும். உப்பு 801 டிகிரி செல்சியஸில் சட்டென உருகும். கண்ணாடிக்கு அப்படி ஒரு புள்ளி கிடையாது. மெள்ள மெள்ள இளகும். ஃபிரோசாபாத் தொழிலாளர்கள் அதைக் கம்பி மாதிரி இழுத்துச் சுற்றி வளையல் ஆக்க முடிவதே இந்தக் குணத்தால்தான். இன்னொரு குணம்தான் சமையலறைக்கு வில்லங்கம். கண்ணாடி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. ஒரு பக்கம் சுட்டு விரிய, இன்னொரு பக்கம் குளிர்ந்தே இருந்தால் இழுபறியில் விரிசல் விழும்.

இதைச் சமாளிக்கத்தான் அடுப்புகளில் 'டஃபன்ட் கிளாஸ்' பயன்படுத்துகிறார்கள். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு சுருங்கும்போது மேற்பரப்பை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடியைவிட 4, 5 மடங்கு பலம் இப்படித்தான் வருகிறது. ஆனால், ஒரு கீறல் உள்பகுதி வரை போய்விட்டால், அடங்கியிருந்த விசை மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறும். அதுதான் அந்த 'டமார்'.

யாரும் தொடாமலேயே வெடிப்பதற்கு ஒரு விசித்திரக் காரணமும் உண்டு. கண்ணாடி தயாரிக்கும்போது துளி நிக்கலும் கந்தகமும் சேர்ந்து, நிக்கல் சல்பைடு என்ற குட்டிப் படிகம் உள்ளே மாட்டிக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சுமார் 379 டிகிரிக்கு மேல் இந்தப் படிகத்துக்கு ஓர் அமைப்பு, கீழே வேறு அமைப்பு. வேகமாகக் குளிரவைப்பதால் பழைய அமைப்பிலேயே சிக்கிவிடுகிறது. பிறகு மாதக்கணக்கிலோ, வருடக்கணக்கிலோ மெதுவாக மாறும்போது 2 முதல் 4 சதவிகிதம் வீங்கும். இழுவிசையில் இருக்கும் நடுப்பகுதிக்கு அந்த வீக்கமே போதும். இதனால்தான் பெரிய கட்டடங்களுக்குப் போகும் கண்ணாடிகளைச் சுமார் 290 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். உடைய வேண்டியது அங்கேயே உடைந்துவிடும்.

அதற்காக எல்லாப் பழியையும் நிக்கல் மேல் போட முடியாது. விளிம்பில் இடிபட்டு உண்டான சிறு சில்லு, சூடாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைப்பது, பர்னரைத் தாண்டி நிற்கும் அகலப் பாத்திரம் தீயைக் கீழே திருப்புவது என நம் பங்கும் இருக்கிறது. விளிம்பில் சில்லு தெரிந்தால் கண்ணாடியை மாற்றிவிடுங்கள். ஒருவேளை வெடித்துவிட்டால் செருப்பு போட்டுக்கொண்டு, முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். அதன் பிறகு துடைப்பத்தை எடுக்கலாம். அடுப்பில் குழம்பு இருந்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.