டைரியில் வாய்தா இருக்கிறது, கெடு இருக்கிறதா? வக்கீல் ஆபீஸில் தேதிகள் தவறும் இடம்

மாலையில் எந்த வக்கீல் ஆபீஸுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். கோர்ட்டுக்குப் போய்வந்த கட்டுகள் மேஜையில் கிடக்கும். ஜூனியர் ஒவ்வொன்றாகப் பிரித்து, அடுத்த வாய்தாவை டைரியில் ஏற்றிக்கொண்டிருப்பார். "பதினெட்டாம் தேதி என்னப்பா இருக்கு?" என்று சீனியர் கேட்டால், அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும்.

பல தலைமுறையாக நடக்கும் முறை இது. ஆனால், இதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

வாய்தா என்பது நீதிமன்றம் கொடுக்கும் தேதி. வக்கீல் மறந்தாலும் காஸ் லிஸ்டில் வந்துவிடும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சிஎன்ஆர் எண்ணைப் போட்டாலும் தெரிந்துவிடும். சட்டம் வைக்கும் கெடு அப்படியல்ல. அதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை, செயலியிலும் வராது.

ஒரு நில வழக்கில் கட்சிக்காரருக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலை டைரியில் ஏற்ற அடுத்த வாய்தா கிடையாது. கட்டு அலமாரிக்குப் போய்விடும். ஆனால், மேல்முறையீட்டுக்கான நாட்கள் ஓடத் தொடங்குவதே அன்றுதான். 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் 90 நாட்கள். மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாட்கள்தான். "கலந்து பேசிட்டு வர்றேங்க சார்" என்று போனவர் இரண்டு மாதம் கழித்து வந்தால், முதலில் தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டு மனுப் போட வேண்டியிருக்கும். அது ஏற்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

செக் வழக்கில் இது இன்னும் கறார். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து மார்ச் 3 அன்று கிடைத்தால், ஏப்ரல் 2க்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அதை எதிர்த்தரப்பு ஏப்ரல் 4 அன்று பெற்றால், பணம் கட்ட 15 நாட்கள், அதாவது ஏப்ரல் 19 வரை. கட்டாவிட்டால் மே 20க்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகாரில் ஏற்படும் தாமதத்தைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம். நோட்டீஸுக்கான 30 நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வணிக வழக்கில் சம்மன் கிடைத்த 120 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யாவிட்டால், அந்த உரிமையே போய்விடும்.

வக்கீலின் தவறுக்காகக் கட்சிக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று 1981இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். எல்லாத் தாமதத்துக்கும் அதையே கேடயமாகப் பிடிக்க முடியாது.

இதற்குப் புது மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. பழைய டைரியே போதும். கட்டு கைக்கு வந்த அன்றே கெடு எது என்று எண்ணி, அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுத வேண்டும். கெடு நாளில் மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. அன்று காலை பார்த்து மேல்முறையீடு தயாரிக்க முடியுமா? 15 நாள் முன்னால் ஒருமுறை, ஒரு வாரம் முன்னால் ஒருமுறை எழுதினால்தான் வேலை நடக்கும். தீர்ப்பு நகலுக்கு உடனே மனுப் போடுவதும் இதில் சேர்ந்ததுதான். நகல் கிடைக்க ஆகும் நாட்கள் கெடுவில் கழிக்கப்படும். மனுப் போடாமல் சும்மா இருந்த நாட்களுக்கு அந்தக் கழிவு கிடையாது.

வாய்தா எழுதும்போதும் தேதி மட்டும் போதாது. 'விசாரணை' என்று ஒற்றை வார்த்தை எழுதினால், முந்தின நாள் இரவு கட்டைப் பிரித்தால்தான் வேலை என்னவென்று தெரியும். '2ஆம் சாட்சி குறுக்கு விசாரணை, அசல் பத்திரம் கட்சிக்காரரிடம் வாங்கணும்' என்று எழுதிவைத்தால், பத்திரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். ஒரே காலையில் இரண்டு கோர்ட்டில் வேலை விழுந்தால், எதை ஜூனியரிடம் விடலாம் என்பதும் அந்த வரியிலேயே தெரிந்துவிடும். குமாஸ்தாவின் ஞாபகசக்தியை நம்பியே ஓடும் ஆபீஸ்கள் உண்டு. அவர் ஒரு வாரம் லீவு போட்டால்தான் நிலைமை புரியும்.

டிசம்பர் கடைசியில் கூடுதல் கவனம் வேண்டும். புது டைரிக்கு வாய்தாக்களை மாற்றுகிறவர்கள் காஸ் லிஸ்டோடு ஒப்பிட்டு விட்டதைப் பிடித்துவிடலாம். பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்த ஜனவரி, பிப்ரவரி கெடுக்களை அப்படிப் பிடிக்க முடியாது. அவற்றை ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்த்து, கையால்தான் மாற்றி எழுத வேண்டும்.