நம் தோளில் நம் சுமை



பள்ளி விட்டு வரும் பிள்ளை கையில் ஒரு தாளை நீட்டினால் போதும், தோட்டத்துத் தாய்மார்கள் பலருக்கு நெஞ்சு திக்கென்று ஆகிவிடும். 'இன்னும் என்ன வாங்கச் சொல்லியிருக்கிறார்களோ' என்ற கவலைதான். ஆசிரியன் என்ற முறையில் அப்படிப்பட்ட தாள்களை நானும் எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். இன்று அத்தகைய ஒரு தாளைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குப் பட்டணத்தில் நடக்கும் முகாமுக்குச் செல்ல வாய்ப்பு வந்தது. கூடவே ஒரு பட்டியலும் வந்தது. முதுகுப்பை, தூங்கும் பை, மழைச்சட்டை, டார்ச் விளக்கு, காட்டில் நடக்கும் சப்பாத்து, அலுமினியப் பாத்திரம் என்று பதினெட்டுப் பொருள்கள்! பையனுக்குத் தந்தை இல்லை. தாயார் பால்மரம் வெட்டுகிறவர். கடைத்தெருவில் விலை விசாரித்துவிட்டு வந்த அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பையன் அந்தத் தாளை நான்காக மடித்து என் மேசைமேல் வைத்தான்.

"எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு சார். நான் முகாமுக்குப் போகல."

முகாமுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது!

ஒரு பழைய பட்டியல்

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அன்று மாலை வீட்டில் ஒரு பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை அறிஞர் எழுதி 1869-இல் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்ற பயண நூல் அது. உயிரினங்கள் எப்படி மாறி வளர்ந்தன என்பதை டார்வினைப் போலவே தாமும் தனியாகச் சிந்தித்துக் கண்டவர் வாலஸ்.

1854-ஆம் ஆண்டு, அவருக்கு முப்பத்தொரு வயது இருக்கும்போது, நம் மலாக்காவுக்கு வந்தார். இங்கே அவருக்கும் காய்ச்சல் கண்டது. அது நம் பையனின் காய்ச்சலைப் போன்றதல்ல, உண்மையான காய்ச்சல்! கொய்னா மருந்து சாப்பிட்டுத் தேறிய பின், லெடாங் மலைக்குப் புறப்பட்டார். வெள்ளைக்காரர்கள் அதை ஓஃபிர் மலை என்பார்கள். ஜொகூரும் மலாக்காவும் சந்திக்கும் பக்கத்தில், 1,276 மீட்டர் உயரம் நிற்கிறதே, அதே மலைதான். மேகம் இல்லாத காலை நேரத்தில் எங்கள் பள்ளித் திடலிலிருந்து அதன் நீல முதுகு தெரியும்.

ஆயர் பானாசிலிருந்து மலை ஏறக்குறைய முப்பது மைல். வாலசுடன் மலாக்காவில் வசித்த ஓர் இளைஞரும் ஆறு மலாய்க்காரர்களும் சென்றார்கள். ஒரு வாரம் தங்குவதற்கு என்ன கொண்டுபோனார்கள் தெரியுமா? அரிசி, கொஞ்சம் பிஸ்கட், வெண்ணெய், காப்பி, கருவாடு, சிறிது பிராந்தி, போர்வை, ஒரு மாற்றுடை. இவற்றோடு பூச்சியும் பறவையும் வைக்கும் பெட்டிகள், வலைகள், துப்பாக்கி, வெடிமருந்து. அவ்வளவுதான்!

இதை வகுப்பில் வாசித்தேன். நம் 'காய்ச்சல்காரன்' எழுந்தான்.

"சார், பிராந்தியும் துப்பாக்கியும் தவிர மத்ததெல்லாம் எங்க வீட்டிலேயே இருக்கே!"

"பிராந்தியும் எங்க வீட்டில இருக்கு சார்!" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்றே முடிவு செய்தோம். வாலசின் பட்டியலை வைத்து, வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே மூட்டை கட்டி, ஓர் இரவு மலையடியில் தங்கி வருவது என்று. லெடாங் மலையில் ஏற முன் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். ஆகவே எங்கள் தோட்டத்தின் எல்லையில் ஓடும் சிற்றோடைக் கரையைத் தேர்ந்தோம். பள்ளியிலிருந்து ஏழு கிலோமீட்டர். நிர்வாகி அனுமதி தந்தார். பன்னிரண்டு பிள்ளைகள், ஐந்து பெற்றோர்கள், நான்.

பழையவர்கள் சுமந்த விதம்

முதுகுப்பை இல்லாமல் எப்படிச் சுமப்பது? உலகம் முழுவதும் மனிதர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ரோமாபுரிப் போர்வீரர்கள் ஒரு கம்பின் நுனியில் தங்கள் மூட்டையையும் பாத்திரத்தையும் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள். கி.பி. 113-இல் எழுப்பிய டிராஜன் தூணில் அந்தக் காட்சியை இன்றும் காணலாம். காண்டாவாளி தூக்கிய நம் பெற்றோர்களுக்குத் தோள்கம்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

நம் நாட்டுக் காடுகளில் மலாய்க்காரர்களும் பூர்வகுடி மக்களும் 'அம்புங்' என்னும் பிரம்புக் கூடையை முதுகில் சுமந்தார்கள். பக்கத்துக் கம்பத்துப் பெரியவர் ஒருவர் தம் பழைய அம்புங்கை எங்களுக்கு இரவல் தந்தார்.

பிள்ளைகளுக்கு ஏற்றது மூன்றாவது வழி. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், கனத்த முதுகுப்பையை எறிந்துவிட்டுப் பல வீரர்கள் போர்வைச் சுருளை மட்டுமே தோளில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு போர்வையும் இரண்டு முழம் கயிறும் போதும்.

நீங்களும் செய்யலாம்

போர்வையைத் தரையில் விரியுங்கள். ஓர் ஓரத்தில் மாற்றுடையை நீளவாக்கில் தட்டையாகப் பரப்புங்கள். பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, நடுவில் இரண்டு இடங்களில் கட்டுங்கள். பிறகு இரு முனைகளையும் சேர்த்து முடியுங்கள். குதிரை லாடம் போல் வளையும் அந்தச் சுருளை இடது தோளில் மாட்டினால் முடிச்சு வலது இடுப்பில் வந்து நிற்கும். தோள் வலித்தால் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

கூடாரத்துக்குக் கோதுமை மாவு மூட்டைத் துணிகளைப் பிரித்துத் தைத்தோம். நன்றாகக் காய்ந்த துணியில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து, மேலே பழைய துணி ஒன்றைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால், மெழுகு உருகி நூலுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். மெழுகை அடுப்பில் நேராக வைத்து உருக்காதீர்கள், தீப்பற்றும். மெழுகேறிய துணியை நெருப்பின் அருகே கட்டவும் கூடாது.

பால்மாவு டின்னின் விளிம்பைத் தட்டி மழுக்கி, கம்பியால் கைப்பிடி போட்டால் அதுவே சோற்றுப் பானை. இங்கே ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி, உரம், சாயம் வந்த டின்னையோ கேனையோ எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கும் தண்ணீருக்கும் பயன்படுத்தவே கூடாது.

எடை முக்கியம். பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தவேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். முப்பது கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோ. போர்வை ஒரு கிலோ, தண்ணீர் ஒரு கிலோ, துணி அரைக்கிலோ. மீதி அரைக்கிலோவில் அரிசி, நெத்திலிக் கருவாடு, தகரக் குவளை. கணக்குப் பாடத்தில் என்றுமே வாய் திறவாத பிள்ளைகள் அன்று கடைத் தராசைச் சுற்றி நின்று கிராம் கிராமாகச் சண்டை போட்டார்கள்!

வாத்தியாரின் மூட்டை

பிள்ளைகளின் சுமையை இவ்வளவு கணக்காகப் பார்த்த நான், என் சுமையைப் பார்க்கவில்லை. அம்புங்கை நானே தூக்குவதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அடியில் இரும்புச் சட்டி, அதன்மேல் எல்லாருக்கும் உதிரி அரிசி, வானொலிப் பெட்டி, இன்னொரு சட்டி, வாலசின் கனத்த புத்தகம். பதினெட்டுக் கிலோ! வார்கள் அறுந்துவிடுமோ என்று நைலான் கயிற்றால் வேறு கட்டியிருந்தேன்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டுமுன் கயிறு தோளை அறுத்தது. விரல்கள் மரத்துப்போயின. பிள்ளைகள் முன்னே பாடிக்கொண்டு போகிறார்கள். நான் பின்னால் வியர்த்து ஊற்ற, நின்று நின்று போகிறேன். என் பின்னால் வந்தவர் அந்தப் பையனின் தாயார்.

"வாத்தியாரே, கீழ இறக்குங்க" என்றார்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, "இது எதுக்கு? இது எதுக்கு?" என்று கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லாத பொருள்கள் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கின. வானொலி, இரண்டாவது சட்டி, புத்தகம் ஆகியவை மண்டோர் கொட்டகையில் தங்கிவிட்டன. இலேசான துணிகளை அடியில் போட்டார். கனமானவற்றை மேலே, முதுகை ஒட்டி வைத்தார். தம் துண்டை இரண்டாக மடித்துக் கயிற்றின் கீழே சும்மாடாகக் கொடுத்தார். மறுபடி தூக்கினேன். பாதிச் சுமை போனது சாமான் குறைந்ததால். மீதிப் பாதி போனது கட்டிய விதத்தால்!

"பால்வாளி தூக்கி இருபது வருசம் ஆச்சு வாத்தியாரே. தூக்குறவங்களைக் கேட்காம மூட்டை கட்டினா இப்படித்தான்."

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இந்தப் பாடத்தை எனக்கு யாரும் நடத்தவில்லை.

மலை உச்சியில் நடந்தது

இரவு சோறும் வறுத்த நெத்திலியும் வரக்காப்பியும் தேவாமிர்தமாக இருந்தன. ஓடைத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்தே குடித்தோம். அட்டைக்குப் பயந்து காலுறையில் புகையிலைத் தண்ணீர் தடவியிருந்தோம். அப்படியும் இரண்டு பேருக்கு இரத்தம் கொடுக்கவேண்டி வந்தது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது, லெடாங் மலையில் வாலஸ் குழுவுக்கு நடந்ததைச் சொன்னேன்.

அந்த ஆறு பேரில் மூத்தவர் முன்பே உச்சிக்குப் போய்வந்தவர். வாலசும் நண்பரும் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த வேளையில், அவர்தான் இருவரை அழைத்துச் சென்று மறுநாளைக்கான வழியை வெட்டிச் சீராக்கினார். மறுநாள் 'பாடாங் பத்து' என்ற பாறைவெளியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்தார்கள். உச்சிக்கு முந்திய சிகரத்தை அடைந்ததும் சுமைகாரர்கள், 'இதற்குமேல் தூக்க முடியாது' என்று சுமையை இறக்கிவிட்டார்கள்.

அப்போது வாலஸ் என்ன செய்தார்? ஆளுக்கு ஒரு போர்வை, கட்டாயம் வேண்டிய உணவு, சில பொருள்கள். இவற்றைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, அந்த மூத்தவரையும் அவர் மகனையும் மட்டும் அழைத்துக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறினார். பாறை நிழலில் இலை தழைகளைப் பரப்பி, சுகமாகவே தூங்கினார்கள். சற்று ஓய்வெடுத்த மற்றவர்களும் தங்கள் அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார்கள். கீழே விட்டுவந்த சாமான்கள் அந்த இரவுக்குத் தேவைப்படவே இல்லை!

"பார்த்தீர்களா பிள்ளைகளே! பிறர் தோளில் ஏறும்வரை எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். நம் தோளில் ஏறினால்தான் எது வேண்டும் என்று தெரியும்" என்றேன்.

அப்போது அந்தப் பையன் கேட்டான்: "அந்த ஆறு பேரோட பேர் என்ன சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பயணக் கதையில் அவர்களின் பெயர் இல்லை. பின்னாளில் தம்மோடு பல தீவுகளுக்கு வந்த சரவாக் இளைஞர் அலியின் பெயரை வாலஸ் நன்றியோடு எழுதியிருக்கிறார். 1905-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் அவருடைய படத்தையும் சேர்த்திருக்கிறார். ஆனால் லெடாங் மலைக்கு வழி வெட்டிய அந்த முதியவர் 'மூத்த மலாய்க்காரர்' என்ற அளவிலேயே நின்றுவிட்டார்.

"பேரு எழுதலைன்னா போட்டுமே, மூட்டை மேல போய்ச் சேர்ந்துச்சில்ல" என்றார் அவன் தாயார், விறகைத் தள்ளிவிட்டபடி. பையன் மட்டும் பேசாமல் இருந்தான்.

திரும்பி வந்தபின்

பின்னிரவில் மழை பெய்தது. எங்கள் கூடாரம் தாக்குப்பிடித்தது. தையல் போட்ட இடத்தில் மட்டும் ஒழுகி மூன்று போர்வைகள் நனைந்தன. தையலின்மேல் இன்னொரு முறை மெழுகு தேய்க்கவேண்டும் என்று கற்றுக்கொண்டோம்.

திங்கட்கிழமை எல்லாரும் கட்டுரை எழுதி வந்தார்கள். நம் பையனின் நோட்டில் இரண்டு பத்திகள் மட்டுமே இருந்தன. இடப்பக்கம் பொருள்கள்: சட்டி, அரிசி, உப்பு, கூடாரத் துணி, கயிறு. வலப்பக்கம் அவற்றைச் சுமந்தவர்களின் பெயர்கள். ஒரு பெயரும் விடுபடவில்லை. 'அம்புங் - சார். கட்டிக் கொடுத்தது - எங்க அம்மா' என்றும் எழுதியிருந்தான். அதற்கு முழு மதிப்பெண் போட்டேன்.

அவன் பட்டணத்து முகாமுக்கும் போனான். போர்வைச் சுருளும் பால்மாவு டின்னும் அவனுடையவை. டார்ச் விளக்கு பள்ளி தந்தது. முதல் நாள் இரண்டு பேர் சிரித்தார்களாம். மூன்றாம் நாள் அவர்களில் ஒருவனுக்கு இவன் சுருள் கட்டக் கற்றுக்கொடுத்தானாம். சப்பாத்து விஷயத்தில் மட்டும் எங்கள் கணக்குத் தப்பிவிட்டது. பள்ளிச் சப்பாத்து பாறையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் வீட்டுப் பொருளிலேயே சமாளித்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். காலுக்கும் கண்ணுக்கும் காவலான பொருளை எப்படியாவது வாங்கத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து நான் அனுப்பும் தாள்களில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. 'கட்டாயம் வேண்டியவை' ஒன்று, 'இருந்தால் கொண்டுவரலாம்' மற்றொன்று. முதல் பகுதி பெரும்பாலும் நான்கு வரிக்குமேல் போவதில்லை.

ஆகவே, தாய்மார்களே! அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு தாளை நீட்டினால் மனம் கலங்கவேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நேரே பள்ளிக்கு வாருங்கள். ஆசிரியரின் முன்னால் தாளை விரித்து, அந்த அம்மா என்னைக் கேட்டது போல, ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேளுங்கள்: "இது எதுக்கு? இது எதுக்கு?"

சுமக்கிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு.